அரைவிரல் மடிப்பு

கடையில் அவளுக்கு ரிப்பனக்கா என்றுதான் பெயர். மூன்றாம் மாடியில், நகரும் படி வந்து முடிகிற இடத்துக்கு நேர் எதிரே, பரிசுப் பொருள்களைத் தாளில் சுற்றிக் கொடுக்கும் மேசை அவளுடையது. பத்தொன்பது டிசம்பர்களாக அதன் பின்னால் நின்றவள். வாங்கியவர்கள் சாமானைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் தாளை விரிப்பாள், அளவெடுப்பாள், வெட்டுவாள். வெட்டிய ஓரத்தை அரைவிரல் அகலத்துக்கு உள்பக்கம் மடித்து, விரல்நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் டேப் ஒட்டுவாள். வெட்டுவாய் வெளியே தெரியக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

"யாரு அக்கா அதையெல்லாம் பார்க்கிறா? வீட்டுக்குப் போனதும் கிழிச்சு எறியப்போறாங்க" என்பார்கள் கூட வேலை செய்கிற பெண்கள்.

"கிழிக்கிறது அவங்க வேலை. ஒட்டுறது என் வேலை" என்பாள்.

ஊருக்கெல்லாம் பரிசு சுற்றிக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்றால் கால்வலிதான். இருபத்துநான்காம் தேதி கடை மூடும்வரை நின்றுவிட்டு வருவாள். மறுநாள் காலையில் புருஷன் வாங்கிக் குவித்த பெட்டிகளைப் பிள்ளைகள் பிரிக்கும்போது, வருஷா வருஷம் எடுத்த படங்களில் எல்லாம் ஒரு ஓரமாக, சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாளே, அதுதான் ரிப்பனக்கா.

ஆகவே, நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"இந்த வருஷம் கடையே வேண்டாம். ஒருத்தரும் எதையும் வாங்கக் கூடாது."

சட்டத்தையும் அவளே வரிசையாகச் சொன்னாள். வீட்டில் ஐந்து பேர். ஐந்து பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குவது. யாருக்கு யார் பெயர் வருகிறதோ, அவர்களுக்கு வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றையோ, இருப்பதைக் கொண்டு செய்த ஒன்றையோ கொடுக்க வேண்டும். பளபளத் தாள் கிடையாது. பழைய செய்தித்தாள், கிழிசல் துணி, சாக்கு, எதில் வேண்டுமானாலும் சுற்றலாம். மரமும் வாங்குவதில்லை, காற்றில் முறிந்து விழுந்த கிளை ஒன்றை வாளி மண்ணில் நட்டால் போதும். இருபத்துநான்காம் தேதி அவள் அரைநாள்தான் வேலைக்குப் போவாள், மேலாளரிடம் சொல்லியாயிற்று.

அவள் புருஷன், வீடு வீடாகப் போய்க் குழாய் மாட்டுகிறவர், ஒழுகுவதை அடைக்கிறவர், கரண்டியைக் கீழே வைத்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்போ மேலாளருக்குத்தான் ஏதோ ஆயிருக்கு. அரைநாள் லீவு கொடுத்திருக்காரே!"

பதினாறு வயதுச் சின்னவள், "அப்போ எனக்குப் புது போன்?" என்று இழுத்தாள்.

"இருக்கிற போனையே பிடுங்கிச் சாக்குல சுத்தித் தர்றேன், வாங்கிக்கோ" என்றாள் அத்தை. குழாய்க்காரரின் அக்கா அவள். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சு அடித்து ஓய்வு பெற்றவள். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பெரியவள்தான் எழுந்து வந்து அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இருபத்துமூன்று வயது, நர்ஸ் வேலை. "நீ கொடுத்ததுலயே இதுதாம்மா நல்ல பரிசு" என்றாள்.

அந்தக் கைகள் கழுத்தைச் சுற்றியிருந்தபோது ரிப்பனக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அக்டோபரில் பெரியவள் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம், குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரி. கிடைத்தால் மூன்று வருஷத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாது. அங்கே எல்லாம் இன்னும் காகிதத்தில்தான் நடக்கிறதாம். வேலை உண்டென்றால் தபாலில் உத்தரவு வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. "கிறிஸ்துமஸுக்குள்ள வரலேன்னா இல்லைன்னு அர்த்தம். போன் போட்டுக் கெஞ்சிக்கிட்டெல்லாம் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று தொடங்கி, வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரே ஒரு வார்த்தை: "தபால்?"

டிசம்பர் ஐந்தாம் தேதி தபால் வந்தது. அன்று ரிப்பனக்காவுக்கு வார விடுமுறை. கீழே தபால் பெட்டியைத் திறந்தவளும் அவள்தான்.

நீளமான வெள்ளை உறை. மூன்று மாடி ஏறுவதற்குள் உள்ளங்கை வியர்வையில் அதன் மூலை நனைந்துவிட்டது. அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் காட்டி, ஒட்டு விட்டதும் பிரித்தாள். வேலை கிடைத்திருந்தது. கையெழுத்துப் போட்ட தாள் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஜனவரி இரண்டாம் வாரம் வேலையில் சேர வேண்டும்.

"ஒரே ஒரு கிறிஸ்துமஸ்" என்று அவள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "அது முடியட்டும். இருபத்தாறாம் தேதி கையில கொடுத்துடறேன்."

இருபத்தாறாம் தேதி போட்ட தபால் கடலைத் தாண்டி முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேருமா என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாதவள் அல்ல.

பிரிக்கும்போது உறையின் மூடி ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதை அப்படியே விட அவள் கைக்கு மனம் வரவில்லை. கிழிசல் தெரியாமல் மடித்து, பசை தடவி ஒட்டினாள். ஒளித்து வைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அலமாரிக்கு மேலே பரிசுத் தாள் சுருள்கள் போட்ட பெட்டி இருந்தது. பிறத்தியார் கை படாத பெட்டி. பளபளத் தாள் கிடையாது என்று சட்டம் போட்ட இந்த வருஷத்தில் அதை யார் தொடப்போகிறார்கள்? தங்கத் தாள் சுற்றியிருந்த நீளமான அட்டைக் குழலுக்குள் கடிதத்தைச் சுருட்டிச் செருகினாள்.

அன்று மாலை செருப்பைக் கழற்றிக்கொண்டே பெரியவள் கேட்டாள், "தபால்?"

"வரலம்மா."

முதல் நாள் அந்த வார்த்தையைச் சொல்ல அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. பத்தாவது நாள் கேள்வி முடிவதற்குள் தானாக வந்து விழுந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

* * *

இருபத்துநான்காம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு ரிப்பனக்கா வீடு வந்து சேர்ந்தாள். அவள் எடுத்த சீட்டில் சின்னவளின் பெயர். தன்னுடைய பழைய கோட்டைச் சின்னவள் அளவுக்கு வெட்டித் தைத்து, அலமாரியில் வைத்திருந்தாள். அதை எடுக்கப் போனவள் தற்செயலாக மேலே பார்த்தாள்.

தாள் பெட்டியின் மூடி தலைகீழாக இருந்தது.

நாற்காலி போட்டு ஏறினாள். நீலச் சுருள் இருந்தது, சிவப்புச் சுருள் இருந்தது. தங்கத் தாள் மட்டும் குழல் இல்லாமல், நாலாக மடித்து, ஒழுங்காக ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது.

கையை விட்டுப் பெட்டியின் அடிவரை துழாவினாள். கத்தரி, டேப் வட்டு, பழைய ரிப்பன் துண்டுகள். அவ்வளவுதான். குழலும் இல்லை, கடிதமும் இல்லை. நாற்காலியிலிருந்து எந்தக் காலை முதலில் கீழே வைப்பது என்பதே மறந்துபோயிற்று.

முன்னறையில் அத்தை செய்தித்தாளை மூக்கருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அலமாரி மேல இருந்த பெட்டியை யாராவது இறக்கினாங்களா?"

"எல்லாம் உன் வீட்டுக்காரன்தான். காலையில நீ போனதும், குழல் வேணும் குழல் வேணும்னு வீட்டையே ரெண்டாக்கிட்டான். குழாய்க்காரனுக்கு அட்டைக் குழல் எதுக்குடான்னு கேட்டேன். ராணுவ ரகசியமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அதோ பாரு ரகசியம், பீரங்கி மாதிரி படுத்திருக்கு."

ஜன்னல் பக்கம், வாளியில் நட்ட கிளையின் அடியில் பொட்டலங்கள் கிடந்தன. நடுவில் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக ஒன்று. சாக்கில் சுற்றி, அதன்மேல் குழாய் மூட்டுகளில் சுற்றுவாரே, அந்த வெள்ளை டேப்பைத் தலையிலிருந்து கால்வரை சுற்றியிருந்தார். கம்பியில் கட்டிய அட்டையில் அவர் கோணல் எழுத்து: "பெரியவளுக்கு."

ரிப்பனக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பெட்டிகளைத் தூக்கியவள். கனத்தை வைத்தே உள்ளே இருப்பது கண்ணாடியா, துணியா என்று சொல்லிவிடுவாள். மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தாள். உலோகம் ஒன்று டக்கென்று நகர்ந்தது. அதற்குப் பின்னால் சன்னமாக ஒரு சரசரப்பு. காகிதமா? சாக்கா? மறுபடி சாய்த்தாள். காகிதம்தான். இல்லை, சாக்குதான்.

"ஏய், ஏய்! சட்டம் போட்டவளே திருட வந்துட்டியா?"

"தூசி தட்டுறேன், அண்ணி."

"தூசி? இப்பத்தான் சுத்தின பொட்டலத்துல?"

"அண்ணி, அடுப்புல சூப் இருக்கு. உப்பு சரியா இருக்கான்னு கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன்."

அத்தை முனகிக்கொண்டே எழுந்து போனாள். ரிப்பனக்காவுக்குக் கிடைத்தது இரண்டு நிமிஷம். கடையில் ஒட்டும் டேப்பாக இருந்தால் வாயால் ஊதி, நகத்தால் நெம்பி, அடையாளமே இல்லாமல் எடுத்துவிடுவாள். இந்த வெள்ளை டேப்பில் பசையே கிடையாது. இழுத்து இழுத்துச் சுற்றியதில் அது ஒன்றோடு ஒன்று இறுகித் தோல்போல ஆகியிருந்தது. நுனி எங்கே என்றே தெரியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வராமல் அடைக்கிறது அவர் தொழில். சாக்கின் வாயையும் கம்பியால் தைத்திருந்தார். பிரித்தால் பிரித்ததுதான், மறுபடி அப்படியே மூட உலகத்தில் ஒருத்தர்தான் உண்டு, அவர் சாயந்திரம்தான் வருவார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள் திரும்பி வந்த அத்தை. கண்ணை இடுக்கி அவளைப் பார்த்தாள். "உனக்குத்தான் எதுவோ சரியில்ல. முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"நின்னு நின்னு கால் வலி."

"கால் வலிச்சா முகம் வெளுக்குமா?"

அவள் சமையலறைக்குள் போய், சூப்பில் இன்னொரு தரம் உப்பைப் போட்டாள்.

* * *

சாயந்திரம் குழாய்க்காரர் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, அந்தக் குழலை எங்க எடுத்தீங்க?"

"உன் பெட்டியிலதான். கோவமா? தாளைக் கசக்காம மடிச்சு வெச்சாச்சே."

"அதுக்கில்ல. உள்ள..." என்று நிறுத்தினாள்.

"உள்ள?"

"உள்ள தூசி இருந்திருக்குமேன்னு."

"அதெல்லாம் பாத்துத்தான் எடுத்திருக்கு." அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஊர்க் குழாய்க்குள்ள என்னென்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். என்கிட்டப் போய்த் தூசியைப் பத்திப் பேசறே!"

அந்தச் சிரிப்பில் ஏதாவது இருக்கிறதா என்று அவள் தேடினாள். கடிதத்தைப் பார்த்துவிட்டாரா? பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளேயே விட்டு, எல்லார் முன்னாலும் வெளியே விழட்டும் என்று காத்திருக்கிறாரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் தானும் அப்படிப்பட்டவள் இல்லை என்றுதானே டிசம்பர் ஐந்தாம் தேதிவரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்?

ஆறரை மணிக்கு வாசல் கதவு திறந்தது. பெரியவள். ரிப்பனக்கா ஈரக்கையோடு நடைக்கு வந்தாள். "வரலம்மா" நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

பெரியவள் ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தாள். பையை ஆணியில் மாட்டினாள்.

"சூப் வாசனை வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரிப்பனக்கா அங்கேயே நின்றாள். ஒருநாள் தவறாமல் கேட்ட கேள்வி. காய்ச்சலோடு வந்த அன்றுகூடக் கேட்டாள். சொல்லப்படாத அந்தப் பொய் வாய்க்குள்ளேயே கிடந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நம்பிக்கை விட்டுப்போய்க் கேட்காமல் இருந்தாளா, தெரிந்துபோய்க் கேட்காமல் இருந்தாளா? எது மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சாப்பிடும்போது எல்லாரும் சூப்பில் ஒரு வாய் வைத்து நிறுத்தினார்கள்.

"அம்மா, கடல் தண்ணியிலயா செஞ்சே?" என்றாள் சின்னவள்.

"நான் பாத்தப்போ சரியா இருந்துச்சு, நான் சாட்சி" என்றாள் அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

பாத்திரம் கழுவி முடித்ததும் ரிப்பனக்கா பெரியவளின் அறை வாசலில் போய் நின்றாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனாள். முதல் வரி என்ன, இரண்டாவது வரி என்ன என்றுகூட மனப்பாடம் செய்திருந்தாள். பெரியவள் கட்டிலில் சீருடையைப் போட்டு, சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு உனக்கு லீவுதானே?"

"லீவுதான்." பெரியவள் நீவுவதை நிறுத்தவில்லை. "ஏதாவது சொல்லணும்னா சொல்லும்மா."

வாயைத் திறந்தாள். மனப்பாடம் செய்த இரண்டு வரியும் காற்றோடு போய்விட்டன. இந்த முகம் மாறிவிடும். அம்மா என்று கூப்பிடும்போது ஒரு நொடி தயங்கும். அப்புறம் இந்த வீட்டில் எத்தனை கிறிஸ்துமஸ் வந்தால் என்ன?

"ஒண்ணுமில்லம்மா. தூங்கு."

"சரிம்மா" என்றாள் பெரியவள், மெதுவாக.

* * *

காலையில் ஆலயத்திலிருந்து வந்ததும் ஐந்து பேரும் கிளையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். டிவி அணைந்திருந்தது. தாள் கிழிபடும் இரைச்சல் இல்லை, பேட்டரி பொம்மை சத்தம் இல்லை. இப்படி ஒரு அமைதிக்காகத்தான் ஒரு மாதமாக ஏங்கினாள். இப்போது அந்த அமைதியில் தன் நெஞ்சடிப்பு அடுத்தவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

சின்னவள்தான் முதலில் பிரித்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "பை ரெண்டும் உள்பக்கம் வெச்சிருக்கியே அம்மா, ரகசியம் வெச்சுக்கவா?" என்றாள். ரிப்பனக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தைக்குச் சின்னவள் கொடுத்தது, பழைய டார்ச்சின் குவிந்த கண்ணாடியைக் கழற்றி மரக் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி. "இனிமே பேப்பர் உங்க மூக்கைத் தேடி வர வேண்டாம் அத்தை." குழாய்க்காரருக்கு அத்தை கொடுத்தது, வீட்டில் ஜோடி தொலைந்து ஒற்றையாய்க் கிடந்த காலுறைகளை எல்லாம் ஒரே கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்துச் சேர்த்த ஐந்து ஜோடி.

"அடுத்து பீரங்கி!" என்றாள் சின்னவள்.

குழாய்க்காரர் தானே கத்தியை எடுத்து டேப்பை நீளமாகக் கீறினார். சாக்கை உருவினார். உள்ளிருந்து தங்கத் தாளின் அட்டைக் குழல் வந்தது. ரிப்பனக்கா அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குழலைச் சாய்த்தார். மெருகேற்றிய செம்புக் குழாய்த் துண்டுகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வந்து பெரியவள் மடியில் விழுந்தன.

"துணி மாட்டுற கம்பி. சீருடை கசங்குது கசங்குதுன்னு சொல்லுவியே. திருகினா ஒண்ணாயிடும், சுவர்ல வெச்சுக்கலாம். நாளைக்கு வேற ஊருக்கே போனாலும் மூணாக் கழட்டி இதுக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிடலாம்." சொல்லிவிட்டு அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "குழலையும் இவளைத்தான் நேத்து எடுத்துத் தரச் சொன்னேன். என் முதுகுக்கு நாற்காலி ஏற முடியல. அதனால ரகசியம் பாதி நேத்தே போச்சு."

ரிப்பனக்காவின் காதில் அப்புறம் எதுவும் விழவில்லை. நாற்காலியில் ஏறியவள் பெரியவள். தங்கத் தாளை நாலாக மடித்து வைத்தவள் பெரியவள்.

பெரியவள் காலிக் குழலை எடுத்து ஒரு கண்ணில் வைத்துக்கொண்டாள். மெதுவாகத் திருப்பி, கிளைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவைப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

பிறகு குழலைக் கீழே வைத்துவிட்டு, கிளையின் அடியில் கடைசியாகக் கிடந்த தட்டையான பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். "எனக்கு உன் சீட்டுதான் வந்துச்சு."

பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. வெட்டுவாய் தெரியவில்லை. ஓரம் அரைவிரல் அகலத்துக்கு உள்பக்கம் மடித்து, நகத்தால் இழுத்துவிட்டு ஒட்டியிருந்தது. இதை அவள் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. யாரோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"பிரிம்மா" என்றாள் சின்னவள்.

பிரித்தாள். நீளமான வெள்ளை உறை, சுருட்டி வைத்ததில் இன்னும் லேசாக வளைந்திருந்தது.

"என்னது அது?" என்றார் குழாய்க்காரர்.

பெரியவள்தான் சொன்னாள். "நேத்துக் குழலைக் கவிழ்த்தப்போ விழுந்துச்சு. முதல்ல, நீ மறந்து எங்கேயோ வெச்சுட்டேன்னு நெனச்சேன்மா. அப்புறம் உறையோட மூடியைப் பாத்தேன். உலகத்துல ஒருத்தியைத் தவிர யாரும் உறையை அப்படி மடிச்சு ஒட்ட மாட்டாங்க."

ரிப்பனக்கா உறையைத் திருப்பினாள். அரைவிரல் மடிப்பு, கோடு பிசகாமல், அழகாக இருந்தது.

"நான் பிரிக்கல. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியாது. உனக்குத் தெரியும். நேத்து நீ வாசல்ல வந்து நின்னப்போ சொல்லிடுவியோன்னு காத்திருந்தேன்." பெரியவளின் குரல் அப்போதுதான் உடைந்தது. "நீயே கொடும்மா. உன் கையால கொடு."

குழாய்க்காரர் மனைவியைப் பார்த்தார். அத்தை பூதக்கண்ணாடியை மடியில் வைத்துவிட்டாள். ஓடிப்போக ஒரு இடமும் இல்லை. கூட்டம் இல்லை, மேசை இல்லை, வரிசையில் நிற்கிற அடுத்த ஆள் இல்லை. ஐந்து பேரும் ஒரு கிளையும்தான்.

"உனக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றாள் ரிப்பனக்கா. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அஞ்சாம் தேதியே வந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். ஒரு கிறிஸ்துமஸாவது எல்லாரும் சேர்ந்து இருக்கணும்னு... இல்ல, அதுவும் பொய். நீ போகக் கூடாதுன்னுதான்."

உறையை நீட்டினாள். பெரியவள் கிழித்துப் பிரித்து, எழுந்து நின்று படித்தாள். முதல் வரியில் முகம் மலர்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள அவங்க கைக்குப் போகணுமாம்."

"இன்னும் ஆறு நாள்தான் இருக்கு" என்றாள் சின்னவள். "நாளைக்குப் போட்டாலும் கடல் தாண்டிப் போகுமா?"

போகாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இருபது நாளாகப் போடாத கணக்கை ரிப்பனக்கா இப்போது போட்டாள்.

"கடுதாசியோட அடியில பாரு" என்றாள் அத்தை. "எந்த ஆபீஸ் கடுதாசிலயும் அடியில பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும். முப்பது வருஷம் அடிச்சிருக்கேன். இந்தா, இதை வெச்சுப் பாரு." பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

நம்பர் இருந்தது.

"இன்னைக்கு யாரு எடுப்பாங்க?" என்றார் குழாய்க்காரர். "கிறிஸ்துமஸாச்சே."

"ஆஸ்பத்திரி கிறிஸ்துமஸுக்கு மூடறதில்லப்பா. போன வருஷம் இதே நேரத்துல நான் எங்க இருந்தேன்?" பெரியவள் அம்மாவிடம் திரும்பினாள். "கெஞ்ச மாட்டேன்னு சொல்லியிருந்தேன். இப்போ உன்னால கெஞ்சப் போறேன்."

அவள் நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. இரண்டு. மூன்று. இருபது நாளாக எந்தக் கடிதம் போகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாளோ, அந்தக் கடிதத்துக்காக ரிப்பனக்கா இப்போது இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எடுக்காவிட்டால்? இடத்தை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால்? போய்விடுவாளே என்கிற பயம் பெரிது என்று நினைத்திருந்தாள். போக முடியாமல் இங்கேயே, இதே சாப்பாட்டு மேசையில், வருஷக்கணக்கில் தன் எதிரில் உட்கார்ந்திருக்கப் போகிற பெரியவளை நினைத்தபோது, அந்தப் பழைய பயம் ஒன்றுமே இல்லை என்றாயிற்று. ஏழு. எட்டு.

யாரோ எடுத்தார்கள். பெரியவள் பேசினாள். லைனில் இருக்கச் சொன்னார்கள். வேறு யாரையோ கூப்பிட்டார்கள். மறுபடி இருக்கச் சொன்னார்கள். அந்த முனையில் ஒரு குழந்தை அழுவது கேட்டது. யாரோ அதைச் சமாதானப்படுத்தினார்கள். கடைசியில், வயதான ஒரு பெண்குரல் தெளிவாகச் சொன்னது: பதில் வராவிட்டால் முப்பத்தொன்றாம் தேதி முடிந்ததும் அடுத்தவரைக் கூப்பிடுவதாக இருந்தோம். கையெழுத்துப் போட்டு இன்றைக்கே படம் எடுத்து அனுப்புங்கள். அசல் தாள் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, ஆனால் தபாலில் வந்தாக வேண்டும்.

போனை வைத்ததும் சின்னவள் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். குழாய்க்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், யாருக்கும் முகம் காட்டாமல் நின்றார். அத்தை மட்டும், "இனி எனக்குச் சண்டை போட வீட்டுல ஆள் குறையுதே" என்று கண்ணைத் துடைத்தாள்.

பெரியவள் சமையலறை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். படம் எடுத்து அனுப்பினாள். பிறகு தாளைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"எனக்கு ரொம்பக் கோவம் இருக்கும்மா."

"தெரியும்."

"இன்னைக்குப் போட மாட்டேன். இன்னைக்கு நீ ஆசைப்பட்ட மாதிரியே இருக்கட்டும். நாளைக்குப் போடறேன் சண்டை. பெருசாப் போடுவேன்."

"போடு" என்றாள் ரிப்பனக்கா.

"இதுக்கு ஒரு உறை செஞ்சு கொடு. தபால்காரங்க தூக்கி எறியாத மாதிரி, கெட்டியா."

ரிப்பனக்கா தடித்த பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து அளந்தாள், வெட்டினாள். கை தன் பழக்கத்தில் ஓரத்தை உள்ளே மடிக்கப் போனது.

"மடிக்காம ஒட்டு" என்றாள் பெரியவள்.

விரல்கள் நின்றன. மடித்த அரைவிரலை மெதுவாகப் பிரித்து நீவிவிட்டு, பசை தடவி, கத்தரி வெட்டிய வாய் வெளியே தெரியும்படி அப்படியே ஒட்டி, அது காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.